விடிந்தால் வெளியூர் போகும் சித்தூர்

காணிப்பாக்கத்துப் பிள்ளையாரைத் தேடிக் கூட்டம் வருகிறது. அதே நேரத்தில் வேலை தேடி இன்னொரு கூட்டம் ஊரைவிட்டுக் கிளம்புகிறது. திருப்பதிக்கும் வேலூருக்கும் நடுவில் நிற்கும் ஒரு நகரத்தின் பிழைப்புக் கதை.

காலை ஐந்து மணி. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பாய்லர் அதற்கு முன்பே சூடாகிவிட்டது. 'காணிப்பாகம், காணிப்பாகம்' என்று தெலுங்கில் இழுத்துக் கூவும் கண்டக்டரைச் சுற்றி, மொட்டைத் தலையில் சந்தனம் காயாத குடும்பங்கள் நிற்கின்றன. முந்தின நாள் திருமலை, இன்று காணிப்பாக்கம், மாலைக்குள் வீடு என்பது அவர்கள் கணக்கு. பேசுவதெல்லாம் தமிழ். வேலூர், ஆரணி, காஞ்சிபுரம், சென்னை என்று ஊர்ப்பெயர்கள் காதில் விழுகின்றன.

பத்தடி தள்ளி இன்னொரு கூட்டம். தோளில் பை, பைக்குள் டிபன் பாக்ஸ், கழுத்தில் தொங்க வேண்டிய அடையாள அட்டை சட்டைப் பையில். இவர்கள் சித்தூர்க்காரர்கள். காட்பாடி, வேலூர் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்கள் இரவு ஷிப்டை இறக்கிவிட்டுக் காலை ஷிப்டை ஏற்றிக்கொள்கின்றன. ஏறுகிறவர்களிடம் தெலுங்கு பாதி, தமிழ் பாதி. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். யாருக்கும் அது உறுத்தாது.

2011 கணக்கெடுப்பில் சித்தூர் நகரின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தை ஒட்டி இருந்தது. மாவட்டத் தலைநகரம், மாநகராட்சி அந்தஸ்து, கோர்ட், கலெக்டர் ஆபீஸ், கல்லூரிகள், வெல்ல மண்டி, மாம்பழக்கூழ் ஆலைகள் எல்லாம் உண்டு. அப்படியும் படித்த பிள்ளைகளின் முதல் சம்பளம் பெரும்பாலும் வெளியூரில்தான் கிடைக்கிறது. இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. இந்த மண்ணில் எல்லைக்கோடு நகர்ந்த ஒவ்வொரு முறையும் வேலையும் சேர்ந்தே நகர்ந்திருக்கிறது.

பிள்ளையார் கொடுத்த வேலை

சித்தூரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், இரால மண்டலத்தில், பாஹுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். மூலவர் வரசித்தி விநாயகர் கிணற்றுக்குள் நீரில் அமர்ந்திருப்பவர். வாய் பேசாதவர், காது கேளாதவர், கண் தெரியாதவர் என மூன்று சகோதரர்கள் வறண்ட கிணற்றைத் தூர்வாரும்போது மண்வெட்டி பட்டு ரத்தம் பெருகியதாகவும், அவர்களின் குறைகள் அப்போதே நீங்கியதாகவும் தலவரலாறு சொல்கிறது.

ஆந்திராவில் காணிப்பாக்கத்துக்கு இன்னொரு புகழும் உண்டு. அது சத்தியம் செய்யும் இடம். கடன் தகராறு, சொத்துத் தகராறு, குடியை விடுவதாகக் கொடுக்கும் வாக்கு எல்லாம் இங்கே வந்து முடியும். அரசியல்வாதிகள்கூட ஒருவரை ஒருவர் 'காணிப்பாக்கத்தில் வந்து சத்தியம் செய்யத் தயாரா' என்று பத்திரிகையாளர் சந்திப்பிலேயே சவால் விடுவார்கள்.

கோயிலைச் சுற்றிய வேலைகளைப் பட்டியல் போட்டால் ஊரே அதில் அடங்கிவிடும்: பூ, தேங்காய், அருகம்புல் மாலை, லட்டு, முடி காணிக்கை, லாட்ஜ், ஓட்டல், ஆட்டோ, பார்க்கிங், சுற்றுலா வேன், துப்புரவு, காவல். நிரந்தரச் சம்பளத்தில் இருப்பவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு வார இறுதியும் விசேஷ நாளும்தான் கல்லாவை நிரப்பும். விநாயகர் சதுர்த்தியில் தொடங்கும் பிரம்மோற்சவம் 21 நாள் நடக்கும். அந்த மூன்று வாரத்தில் சம்பாதித்ததை வைத்துப் பள்ளிக் கட்டணமும் பழைய கடனும் அடைக்கும் குடும்பங்கள் உண்டு.

கோயில் விரிவாக்கத் திருப்பணி முடிந்து 2022 ஆகஸ்டில் குடமுழுக்கு நடந்தது. அதன்பின் வசதி கூடியது, கூட்டமும் கூடியது. ஆனால் காலையில் வந்து மாலையில் திரும்பும் பக்தர் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு தேங்காய்க்கும் மேல் அதிகம் செலவழிப்பதில்லை. இரவு தங்கும் செலவு திருப்பதிக்குப் போய்விடுகிறது. கோயில் வளர்ந்த அளவுக்குச் சுற்றியுள்ள கிராமங்களில் வருமானம் வளராததற்கு இது ஒரு காரணம்.

■ பெட்டிச் செய்தி: காணிப்பாக்கம்

• கோயிலை எழுப்பியவர் முதலாம் குலோத்துங்க சோழன் என்பது மரபு. காலம் 11-ம் நூற்றாண்டு. 14-ம் நூற்றாண்டில் விஜயநகர அரசர்கள் விரிவுபடுத்தியதாகக் கோயில் வரலாறு கூறுகிறது.
• விநாயகர் ஆண்டுதோறும் வளர்வதாக நம்பிக்கை. முன்பு அணிவித்த வெள்ளிக் கவசம் இப்போது பொருந்தவில்லை என்பதை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்.
• மூலவர் இருக்கும் கிணற்றின் நீரே பக்தர்களுக்குத் தீர்த்தம்.
• மணிகண்டேஸ்வரர், வரதராஜர் சந்நிதிகளும் அருகிலேயே உள்ளன.

கச்சேரி கொடுத்த சம்பளம்

வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்தது வேலூர் அல்ல, சித்தூர். கலெக்டர் கச்சேரி, ஜில்லா கோர்ட், கஜானா எல்லாம் இங்கே. குமாஸ்தா, வக்கீல், பத்திரம் எழுதுபவர், வாத்தியார் என்று ஒரு நடுத்தர வர்க்கம் உருவானதே அந்தக் கட்டடங்களைச் சுற்றித்தான். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமானபோது வட ஆற்காட்டின் தலைநகரம் வேலூருக்குப் போனது. சித்தூருக்குத் தன் பெயரிலேயே மாவட்டம் கிடைத்ததால் கச்சேரி வேலை கையைவிட்டுப் போகவில்லை.

அந்த மாவட்டம் பெரியது. மேற்கே மதனப்பள்ளி, வடக்கே திருப்பதி, காளஹஸ்தி, கிழக்கே திருத்தணி. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி அன்று சித்தூர் மாவட்டத்து ஊர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி இந்தச் சித்தூர்ப் பிள்ளை.

1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் முழுதும் அந்தப் பக்கம் போனது. திருத்தணிக்காக ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் தமிழகத்துக்கு நன்கு தெரிந்த கதை. எல்லைச் சிக்கலை ஆராய்ந்த படாஸ்கரின் பரிந்துரையின் பேரில், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. கைமாறாக, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது.

அன்று எல்லாருடைய கண்ணும் திருத்தணி மலை மேல். சத்தியவேடு போனதைப் பெரிதாகப் பேசியவர்கள் குறைவு. இன்று தென்னிந்தியாவின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்றான ஸ்ரீசிட்டி நிற்பது அந்தச் சத்தியவேட்டுப் பக்கத்தில்தான்.

■ பெட்டிச் செய்தி: நகர்ந்த கோடுகள்


1911 ஏப்ரல் 1: சித்தூர் மாவட்டம் உதயம்.
1953 அக்டோபர் 1: ஆந்திர மாநிலம் உதயம். சித்தூர் மாவட்டம் ஆந்திராவில்.
1960 ஏப்ரல் 1: திருத்தணி சென்னை மாநிலத்துக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு.
2022 ஏப்ரல் 4: சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டம் உதயம்.

2022: பாகப்பிரிவினை

கடைசிப் பிரிவினைதான் இன்றைய வேலைக் கதைக்கு நேரடிக் காரணம். ஆந்திராவில் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது, பழைய சித்தூரின் சொத்து அண்ணன் தம்பி பாகம் போலப் பிரிந்தது. தேவஸ்தானம், ரேணிகுண்டா விமான நிலையம், 1954-ல் தொடங்கிய ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், சுவிம்ஸ் மருத்துவமனை, 2015-ல் வந்த ஐ.ஐ.டி.யும் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனமும், ரேணிகுண்டா பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள், கரகம்பாடி பேட்டரித் தொழிற்சாலை, ஸ்ரீசிட்டி எல்லாம் திருப்பதி பங்கில் விழுந்தன. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. சித்தூர் பங்கில் மிஞ்சியவை காணிப்பாக்கம், மாந்தோப்புகள், கூழ் ஆலைகள், நகரி விசைத்தறி, மேற்கு ஓரத்தில் குப்பம்.

மாவட்டம் மாறியதால் தொழிற்சாலை இடம் மாறிவிடவில்லை. சித்தூர்ப் பையன் அங்கே வேலைக்குப் போக யாரும் தடுக்கப்போவதும் இல்லை. ஆனால் வேலைவாய்ப்பு முகாம், திறன் பயிற்சி, நிலம் ஒதுக்கீடு, தொழில் துறையின் ஆய்வுக் கூட்டம் எல்லாம் மாவட்டக் கணக்கில் நடப்பவை. கலெக்டர் மேஜையில் இருக்கும் கோப்புகளின் கனம் குறைந்தால், அந்த ஊருக்கு வந்துபோகும் முதலீட்டாளர்களும் குறைவார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அப்போலோ மருத்துவமனையின் நிறுவனர் பிரதாப் சி.ரெட்டி, தவணம்பள்ளி மண்டலத்து அரகொண்டாவில் பிறந்தவர். 1983-ல் அவர் முதல் மருத்துவமனையைத் திறந்தது சென்னையில். அமர ராஜா பேட்டரி நிறுவனர் கல்லா ராமச்சந்திர நாயுடுவின் சொந்த ஊர் பேட்டமிட்ட. 1985-ல் தொடங்கிய அவரது நிறுவனம் முதலில் வேர்விட்டது திருப்பதி பக்கத்துக் கரகம்பாடியில். இருவரும் பிறந்த மண்ணை மறக்கவில்லை. அரகொண்டாவில் அப்போலோ அமைத்த தொலைமருத்துவ மையத்தை 2000-ல் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தார். சித்தூரில் இன்று அப்போலோவின் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகருக்கு அருகே நூனேகுண்டலப்பள்ளியில் அமர ராஜாவின் பெரிய வளாகம் நிற்கிறது. இருந்தாலும் தொழில் தொடங்கும்போது முதலில் கண்ணில் பட்டது வேறு ஊர்.

ஷிப்ட் எங்கே, வீடு எங்கே?

சித்தூரிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொதுவாக நான்கு திசைகள்.

தெற்கே வேலூர், சுமார் 35 கிலோமீட்டர். சி.எம்.சி., வி.ஐ.டி., அவற்றைச் சுற்றிய லாட்ஜ்கள், மருந்துக் கடைகள், பரிசோதனைக் கூடங்கள். நர்ஸ், லேப் டெக்னீஷியன், அலுவலக உதவியாளர், சமையலர் என்று சித்தூர்க்காரர்கள் அங்கே நிறைய. சி.எம்.சி.க்குச் சித்தூரிலும் ஒரு வளாகம் உண்டு. தெலுங்கு எழுதவும் தமிழ் பேசவும் தெரிந்த பெண்ணுக்கு மருத்துவமனை வரவேற்பு மேஜையில் மதிப்பு அதிகம். எல்லையோரத்தில் பிறந்ததால் செலவில்லாமல் கிடைத்த தகுதி அது.

வடக்கே திருப்பதி, சுமார் 70 கிலோமீட்டர். கடை, ஓட்டல், மருத்துவமனை, ரேணிகுண்டா ஆலைகள். தினம் போய்வரலாம், ஆனால் நாளில் மூன்று நான்கு மணி நேரம் பாதையிலேயே போய்விடும்.

கிழக்கே ஸ்ரீசிட்டி. 2008-ல் தொடங்கிய இந்தத் தொழில் நகரத்தில் இசுசு, ஆல்ஸ்டம், ஃபாக்ஸ்கான், டைகின், மொண்டலீஸ் ஆலைகள் இருக்கின்றன. சென்னை மெட்ரோவில் நாம் ஏறும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஆல்ஸ்டமின் இந்த ஆலையில் தயாரானவை. எல்.ஜி. நிறுவனம் 5,000 கோடி ரூபாய் முதலீட்டில் 2025 மே மாதம் இங்கே அடிக்கல் நாட்டியது. சித்தூரிலிருந்து தினம் போய்வரும் தூரம் அல்ல என்பதால், அங்கே போகிறவர்கள் ஹாஸ்டலிலோ பகிர்ந்த அறையிலோ தங்குகிறார்கள். செல்போன் ஆலைகளில் பெண்களே அதிகம். சம்பளத்தில் வாடகையும் மெஸ்ஸும் போக மிச்சம் ஊருக்கு வருகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் ஆளும் ஊருக்கு வருகிறார்.

மேற்கே பெங்களூர். குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் ஏறும் கூட்டம் பல ஆண்டுகளாகப் பழகிப்போன காட்சி. சித்தூர், பலமனேர் பக்கத்துப் பொறியியல் பட்டதாரிகள் போனால் திரும்புவது பண்டிகைக்குத்தான்.

இந்தப் பயணத்தின் விலை யார் தலையில் விழுகிறது? பெண்களின் கணக்கைப் பார்த்தால் தெரியும். ஆந்திர அரசு 2025 ஆகஸ்ட் 15 முதல் 'ஸ்திரீ சக்தி' திட்டத்தில் பெண்களுக்கு இலவச பஸ் பயணம் தருகிறது. சித்தூரிலிருந்து காணிப்பாக்கத்துக்குப் பூக்கட்டப் போகும் பெண்ணுக்குக் காசில்லை. திருப்பதிக்குத் துணிக்கடை வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ்களில் காசில்லை. ஆனால் மாநில எல்லை தாண்டும் பஸ்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வேலூருக்குப் போகிறவர் இரு வேளையும் முழு டிக்கெட் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. இரண்டு அரசுகளும் இலவசம் தருகின்றன. இரண்டுக்கும் நடுவில் வேலைக்குப் போகிறவளுக்கு மட்டும் கட்டணம்.

வேலை பக்கத்தில் வந்தாலும் கேள்விகள் தீர்ந்துவிடுவதில்லை. 2021 ஏப்ரலில், கரகம்பாடி, நூனேகுண்டலப்பள்ளி பேட்டரி ஆலைகளை மூடும்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. சில நாட்களில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஈயம் கையாளும் தொழிலில் தொழிலாளியின் உடல்நலமும் சுற்றுக் கிராமத்துத் தண்ணீரும் எப்போதும் கண்காணிப்பில் இருக்க வேண்டியவை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரியும் ஆலையை மூடுவதா விடுவதா என்ற இக்கட்டுக்கு ஊரைக் கொண்டுபோய் நிறுத்துவதைவிட, ஆண்டு முழுதும் ஒழுங்காகச் சோதனை நடத்துவது எல்லாருக்கும் நல்லது.

மாம்பழம்: சீசன் வேலை, சீசன் சம்பளம்

சித்தூரின் சொந்தத் தொழில் எது என்று கேட்டால் தயங்காமல் மாம்பழம் என்று சொல்லலாம். தமிழகத்தில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வாங்கும் தோத்தாபுரி ரகம்தான் இங்கே ராஜா. பழத்தைக் கழுவி, தோல் கொட்டை நீக்கி, கூழாக்கி, கிருமி புகாத பைகளில் நிரப்பி, பீப்பாய்களில் அடைத்து அனுப்புகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகிறது. நம்மூர்க் கடைகளில் பாட்டிலிலும் அட்டைப் பெட்டியிலும் விற்கும் மாம்பழ பானங்களுக்கும் போகிறது. சித்தூரும் கிருஷ்ணகிரியும்தான் தென்னிந்தியாவின் கூழ் மையங்கள்.

ஜூன், ஜூலையில் ஆலை வாசலில் டிராக்டர்கள் மைல் கணக்கில் வரிசை கட்டும். தரம் பிரிக்க, வெட்ட, சுமக்க உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் இரவு பகலாக வேலை செய்வார்கள். ஆகஸ்ட் முடிந்தால் ஆலை அடங்கிவிடும். மீதி மாதங்களில் அதே ஆட்கள் கரும்பு வெட்டவும் கட்டடம் கட்டவும் வெளியூர் போக வேண்டியதுதான்.

2025 சீசன் அந்த இரண்டு மாத வேலையையும் ஆட்டிப் பார்த்தது. முந்தின ஆண்டுக் கூழ் ஆலைகளில் தேங்கிக் கிடந்தது; விளைச்சலோ அமோகம். விலை சரிந்தது. தோட்டக்காரர்கள் பழத்தைச் சாலையில் கொட்டினார்கள். ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. வெளிமாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் ஜூனில் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு விஷயம் முற்றியது. ஆள் தாராளமாகத் தாண்டும் எல்லையில் மாங்காய் லாரி தடுத்து நிறுத்தப்பட்டது.

■ பெட்டிச் செய்தி: 2025 மாம்பழக் கணக்கு

• சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் ஆந்திராவின் தோத்தாபுரிக்கு மத்திய அரசு ஜூலையில் ஒப்புதல் தந்தது.
• அளவு: 1.62 லட்சம் டன்.
• விலை: குவிண்டாலுக்குச் சுமார் 1,490 ரூபாய்.
• விலை வித்தியாசத்தை மத்திய, மாநில அரசுகள் பாதிக்குப் பாதி ஏற்பது ஏற்பாடு.

கூழோடு நிற்பதுதான் சித்தூரின் பலவீனம். பீப்பாயில் போகும் கூழ் வேறு ஊரில் பானமாகி, ஜாமாகி, மிட்டாயாகி, அங்கேதான் ஆண்டு முழுதும் வேலை தருகிறது. பாலிலும் இதே பாடம் உண்டு. கூட்டுறவுத் துறையின் சித்தூர் பால் பண்ணை 2002-ல் மூடப்பட்டது. அதை அமுல் மூலம் 385 கோடி ரூபாயில் மீட்கப் போவதாக 2023 ஜூலையில் பூமி பூஜை போட்டார்கள். மாடு வளர்ப்போர் இங்கே குறையவில்லை. ஊரின் பெயர் தாங்கிய பண்ணைதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது.

ரோடும் ரயிலும் வருகின்றன. நிற்குமா?

சித்தூருக்கு இப்போது வந்துகொண்டிருப்பவை பெரிய சாலைகள். 262 கிலோமீட்டர் சென்னை - பெங்களூர் விரைவுச்சாலை இந்த மாவட்டத்தின் வழியாகப் போகிறது. சித்தூரிலிருந்து தச்சூருக்குப் போடும் ஆறு வழிச்சாலை எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களை நெருங்க வைக்கும். திருப்பதி - பாகாலா - காட்பாடி ஒற்றை ரயில் பாதையை இரட்டையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 9 அன்று ஒப்புதல் தந்தது. நீளம் 104 கிலோமீட்டர், மதிப்பு 1,332 கோடி ரூபாய். கட்டுமானக் காலத்தில் மட்டும் சுமார் 35 லட்சம் மனித நாள் வேலை கிடைக்கும் என்பது அரசின் கணக்கு.

இவற்றில் சித்தூர்க்காரரின் நாளை மாற்றக்கூடியது ரயில்தான். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காகக் காத்து நிற்கும் நேரம் மிச்சமானால், காட்பாடியும் திருப்பதியும் தினம் போய்வரும் தூரத்துக்குள் வசதியாக வந்துவிடும். சித்தூரில் குடியிருந்துகொண்டே இரு பக்கமும் வேலை பார்க்கலாம். வாடகை இங்கே குறைவு. வயதான பெற்றோரும் இங்கே. ஹாஸ்டல் வாழ்க்கை தேவைப்படாது.

விரைவுச்சாலையின் கதை வேறு. நுழைவும் வெளியேற்றமும் கட்டுப்படுத்தப்பட்ட சாலை அது. கிடங்கு, குளிர்பதனக் கூடம், பழம் பதப்படுத்தும் பூங்கா என்று இறங்கும் இடத்தில் ஏதாவது இருந்தால்தான் லாரி இறங்கும். இல்லாவிட்டால் பழைய நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலும் பஞ்சர் கடையும்கூட வியாபாரம் இழக்கும். சாலை வரும் முன்பே அந்த இடங்களைத் திட்டமிடுவது மாவட்ட நிர்வாகத்தின் வேலை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தனியார் ஆலை வேலைகளில் 75 சதவீதம் மாநிலத்தவருக்கே என்று ஆந்திரா 2019-ல் சட்டம் இயற்றியது. இதே போன்ற ஹரியானா சட்டத்தை 2023-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டிலும் இந்தக் கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. இரு பக்கமும் கதவைச் சாத்தினால் முதலில் நசுங்குவது சித்தூர், நகரி, திருத்தணி, கும்மிடிப்பூண்டி மாதிரி எல்லையோர ஊர்களின் விரல்கள்தான். ஸ்ரீசிட்டியில் தமிழகத்துப் பெண்ணும், வேலூரில் ஆந்திரப் பெண்ணும் வேலை பார்ப்பது இன்றைய நடைமுறை. அதைக் கெடுக்காமல் இருந்தாலே பாதி உதவி.

இனி என்ன செய்ய வேண்டும்?

செய்ய வேண்டியவை மூன்று. எல்லை தாண்டித் தினம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் பேசிப் பொதுவான சலுகைப் பாஸ் தர வேண்டும். மாம்பழத்தைக் கூழோடு நிறுத்தாமல், ஆண்டு முழுதும் ஓடும் பதப்படுத்தும் ஆலைகளுக்குச் சித்தூரிலேயே இடமும் மின்சாரமும் ஒதுக்க வேண்டும். இரட்டைப் பாதை முடியும் நாளில், ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ற காட்பாடி - திருப்பதி பாசஞ்சர் வண்டிகள் கால அட்டவணையில் இருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் மட்டும் வேகமாகக் கடந்து போக 1,332 கோடி ரூபாய் என்றால், சித்தூருக்கு அதில் பங்கு இல்லை.

அடுத்த முறை காணிப்பாக்கம் போகும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாள் கூடுதலாகச் சித்தூரில் தங்குங்கள். வெல்லம் வாங்குங்கள், சீசனில் மாம்பழம் வாங்குங்கள், உள்ளூர் ஓட்டலில் சாப்பிடுங்கள். அரசுகள் திட்டம் தீட்டும்வரை, இந்த ஊரில் ஒருவருடைய வேலை ஊரிலேயே நிலைக்க அதுவும் ஒரு வழி.